வியாழன் சோறும் திங்கள் பசியும்

பெங்களூர் விவேக் நகரில் வியாழக்கிழமை யாரும் பசியோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. குழந்தை இயேசு திருத்தலத்தில் அதிகாலைத் திருப்பலி தொடங்கி இரவு வரைக்கும் கூட்டம் குறையாது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் பிரெட், வாழைப்பழம், புளியோதரைப் பொட்டலம், பிரியாணி என்று அவரவர் வசதிப்படி கொண்டுவந்து கொடுப்பார்கள். கிறிஸ்தவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம் அது. ஜனவரி 14-ஆம் தேதி ஆண்டுத் திருவிழா பொங்கலோடு சேர்ந்து வரும்போது சக்கரைப் பொங்கலும் நடுவில் வந்து சேரும். அந்த நாட்களில் சாலையோரத்துப் பிள்ளைகள் ஒரு கையில் பொட்டலமும் மறு கையில் இன்னொரு பொட்டலமுமாகத்தான் நிற்பார்கள்.

பங்கு இதழுக்கும் கத்தோலிக்க வார, மாத இதழ்களுக்கும் செய்தி எழுதும் வேலைக்கு நான் வந்தபோது, உணவுக் கொடை பற்றிய செய்தி என்றால் இந்த வியாழக்கிழமைக் காட்சிதான். யார் கொடுத்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எந்தப் பங்குத்தந்தை மந்திரித்துத் தொடங்கிவைத்தார். அவ்வளவு இருந்தால் செய்தி முடிந்தது. பக்கத்துக் குடிசைப் பகுதியில் மாலை டியூஷன் நடத்திவந்த ஒரு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வியாழக்கிழமை வந்து வந்து எழுதறீங்க. ஒரு திங்கட்கிழமை வாங்களேன்." அந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இந்த அழைப்புதான். அதற்குப் பிறகு நான் எழுதியதில் பாதி, வியாழக்கிழமைச் சோற்றைத் திங்கட்கிழமைக்கு நகர்த்துவது எப்படி என்பதைப் பற்றித்தான்.

அப்போது எங்கள் பங்கு இதழ் சைக்ளோஸ்டைல் தாள். மெழுகு ஸ்டென்சிலில் எழுத்தாணிப் பேனாவால் தமிழை எழுதி, மெஷினில் உருட்டி எடுப்போம். கை முழுக்க மை ஆகும். கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகு சிவாஜி நகரில் ஓர் அச்சகத்துக்குப் போனோம். எழுத்துக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குவார். படம் போட வேண்டுமென்றால் தனியாக பிளாக் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு. அதனால் இதழுக்கு ஒரு படம்தான். அந்த ஒரு படத்தில் யார் இருப்பது என்பதில்தான் சண்டை வரும். கொடுத்தவர் நடுவில் நிற்பார், பக்கத்தில் தட்டு ஏந்திய ஒரு பிள்ளை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எங்கள் இதழைப் பார்த்துக்கொண்ட வயதான ஃபாதர் ஒருவர் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. பங்கு இதழ் யார் கைக்குப் போகிறது என்று என்னிடம் கேட்டார். பங்கில் உள்ள எல்லா வீட்டுக்கும் என்றேன். "அப்போ தட்டு ஏந்தி நிக்கிற பையனோட வீட்டுக்கும்தானே போகுது? ஞாயித்துக்கிழமை அவங்கம்மா மூணாவது பெஞ்சில உக்காந்து இதைப் படிக்கிறா. பக்கத்தில உக்காந்திருக்கிறவளும் படிக்கிறா. அதை நினைச்சுக்கிட்டு எழுதும்மா" என்றார்.

பெரிய பத்திரிகையில் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் எழுதும் ஏழை அவருடைய வாசகர் அல்லர். பங்கு இதழில் அப்படி இல்லை. நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்தான் நம் வாசகர், சில வேளை சந்தாவும் கட்டுகிறவர். கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே உழைப்பதற்காக இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள்தான் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, அசோக் நகர், விவேக் நகர் பக்கம் நிறைய. கட்டட வேலை, துப்புரவு வேலை, வீட்டு வேலை, பெயின்ட் வேலை. மாதக் கடைசியில் அடுப்பு எரியாவிட்டாலும் அது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று வாழ்கிறவர்கள். அவர்கள் பிள்ளையின் பெயரைப் பசியோடு சேர்த்து அச்சில் போட்டுவிட்டால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மறைக்கல்வி வகுப்புக்கு வராது.

இதைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்பே சரியாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் வின்சென்ட் தே பால் சபையினர். 1833-ல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை அது. எங்கள் பக்கத்துப் பங்குகளிலும் அதன் கிளைகள் உண்டு. இருவர் இருவராகத்தான் வீடு சந்திக்கப் போவார்கள். எந்த வீட்டுக்குப் போனார்கள், என்ன கொடுத்தார்கள் என்பது கூட்டத்துக்கு வெளியே வராது. கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றிவரும். கையை மூடியபடி உள்ளே விட்டு எடுப்பார்கள், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் சேவையைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் கேட்டபோது, "குடும்பத்தைப் பத்தி ஒரு வரி வேண்டாம். அரிசி விலையைப் பத்தி எழுதுங்க" என்றார் அந்தக் கிளைத் தலைவர். அப்படியே எழுதினேன். ஒரு மாதத்தில் அரிசி எவ்வளவு ஏறியிருக்கிறது, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ வேண்டும், ரேஷனில் எவ்வளவு கிடைக்கிறது, மிச்சத்துக்கு எத்தனை ரூபாய். யாருடைய கண்ணீரும் இல்லாத அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் அடுத்தடுத்த ஞாயிறுகளில் அரிசி மூட்டை வந்தது.

பசியை விசாரித்து எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளையிடம் "பசிக்குதா?" என்று கேட்கவே கூடாது. இல்லை என்றுதான் சொல்லும். "காலையில வீட்டுல என்ன செஞ்சாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் பதில் தானாக வரும். டீயும் வர்க்கியும் என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. "நேத்து சோறு இருந்திச்சு" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஒன்றும் சொல்லாமல் பென்சில் சீவத் தொடங்குகிற பிள்ளையும் உண்டு. டியூஷன் ஐந்தரைக்கு என்றால் நான்கு மணிக்கே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை சிஸ்டர் எனக்குக் காட்டினார். படிப்பில் ஆர்வம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கே நாலரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுப்பார்கள் என்று அவர் சொன்னார்.

அந்தச் சுண்டல் சமையலறையை நான் பல முறை எழுதியிருக்கிறேன். பத்துக்குப் பத்து அறை, ஒரே ஒரு பெரிய பர்னர், கரி பிடித்த அலுமினியக் குண்டான். முந்தின இரவே கொண்டைக்கடலையை ஊறப்போட வேண்டும். மறந்தால் மறுநாள் இல்லை. அதனால் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் "கடலை" என்று எழுதி, ஊறப்போட்டவர் கீழே ஒரு கோடு போடுவார். விடுப்பு எடுத்தால் கோடு போடும் பொறுப்பை யாரிடம் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை அந்த இடத்தில் போய் உட்கார்ந்தபோதுதான், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற பணி உண்மையில் எதனால் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. இரக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. கடலையை யார் ஊறப்போடுவது என்பது எழுதி வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் மறுநாளும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

எனக்கு மூத்த தலைமுறைக்கு வேறு அனுபவம் இருந்தது. 1954-ல் அமெரிக்கா கொண்டுவந்த பி.எல்.480 சட்டத்தின்படி உபரி தானியமும் பால் பவுடரும் இந்தியாவுக்கு வந்தன. கத்தோலிக்க நிவாரண சேவை, கேர் முதலிய அமைப்புகள் வழியாக அவை பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் போயின. தமிழ்நாட்டில் 1956-ல் காமராஜர் தொடங்கிய பள்ளி மதிய உணவுக்கும் 1960-களில் கேர் நிறுவனத்தின் உதவி கிடைத்தது. கோயில் வளாகத்தில் தகர டம்ளரோடு வரிசையில் நின்று, கரைத்த பால் குடித்ததைப் பெரியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பாலின் ருசி அவர்களுக்கு மறந்துவிட்டது. வரிசையில் நின்றதைப் பார்த்து யார் சிரித்தார்கள் என்பது மறக்கவில்லை.

வெளிநாட்டு உதவியோடு இன்னொரு பழக்கமும் வந்தது. எங்களைப் போன்றவர்கள் ஒரே பணியைப் பற்றி இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. வெளிநாட்டு நன்கொடையாளருக்குப் போகும் ஆங்கில அறிக்கையில் பிள்ளை மெலிந்து, அழுக்காக, அப்பா குடிகாரராக இருக்க வேண்டும். உள்ளூர்த் தமிழ் இதழில் அதே பிள்ளை மாறுவேடப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கும். இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டையும் தனித்தனியாக எழுதும்போது நாம் பிள்ளையை இரண்டாகக் கிழிக்கிறோம். ஆங்கிலத்தில் என்ன போகிறதோ அதையே தமிழிலும் வாசித்துக்காட்ட முடிய வேண்டும் என்று நான் ஒரு கட்டத்தில் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு விதி பல வரிகளைத் தானாகவே நீக்கிவிடும். தகப்பன் குடிக்கிறான் என்று எழுதுகிற கை, அந்தத் தகப்பன் வேலை கிடைக்காமல் வட்டிக்கு வாங்கியதையும் சேர்த்து எழுதத் தொடங்கும்.

அச்சிலிருந்து வானொலிக்கும் கொஞ்சம் எழுதினேன். மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணிக்கு ஊர் ஊராக நேயர்கள் இருந்தார்கள். 2018-ல் சிற்றலை ஒலிபரப்பு நின்று, பிறகு எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது. வானொலிக்கு எழுதுவதில் எனக்குப் பிடித்தது, அதில் முகம் இல்லை என்பதுதான். கடுகு வெடிக்கிற சத்தம், தட்டு அடுக்குகிற சத்தம், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க கண்ணு" என்று சமையல்கார அம்மா சொல்லும் குரல். சாப்பிடுகிற பிள்ளை யார் என்று யாருக்கும் தெரியாது, அங்கே சாப்பாடு நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு அச்சுக்கு எழுதும்போதும் சத்தங்களைத் தேடத் தொடங்கினேன்.

2000-லிருந்து எங்கள் வேலையின் அளவே மாறியது. அந்த ஆண்டு பெங்களூர் இஸ்கான் கோயிலைச் சேர்ந்தவர்கள் அட்சய பாத்திரம் என்ற பெயரில் 5 அரசுப் பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். மேற்கு வங்கத்து மாயாப்பூரில் எச்சில் சோற்றுக்காகத் தெருநாய்களோடு சண்டையிட்ட பிள்ளைகளைப் பார்த்த இஸ்கான் நிறுவனர் பிரபுபாதர், கோயிலைச் சுற்றிப் பத்து மைல் தூரத்துக்குள் யாரும் பசித்திருக்கக் கூடாது என்று சொன்னார் என்பது அவர்கள் எங்கும் சொல்லும் தொடக்கக் கதை. ஒரு சமயக் கதை எவ்வளவு பெரிய சமையலறையைக் கட்டும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த சாட்சி அது. நீராவியில் சோறு வேகும் ஆளுயரக் கொப்பரைகள், சாம்பாரைக் குழாய் வழியாக இறக்கும் ஏற்பாடு, விடியுமுன் கிளம்பும் வண்டிகள். ஒரு பர்னர் சமையலறையை எழுதிப் பழகிய எனக்கு அது வேறு உலகம்.

மறு ஆண்டே சட்டமும் மாறியது. 2001 நவம்பர் 28-ஆம் தேதி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கர்நாடகத்தில் 2002-ல் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கிய அட்சர தாசோக மதிய உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்கப் பரவியது. தாசோகம் என்ற பெயர் பசவண்ணர் வழியிலிருந்து வந்தது. அரசின் திட்டத்துக்கே ஒரு சமய மரபின் பெயர். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டு உறவினர்கள் பேசியதை, இருபது வருடம் கழித்து எங்கள் தெருவில் கேட்டேன்: "மத்தியானச் சோத்துக் கவலை இல்ல."

அப்போது எங்களில் சிலர், இனி நாம் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். இருந்தது. பசி இடம் மாறியிருந்தது. மதியம் நிறைந்தது, காலை காலியாகவே இருந்தது. பள்ளி நாள் நிறைந்தது, ஞாயிறு காலியாக இருந்தது. எல்லாவற்றையும்விட ஏப்ரல் பத்து தேதிவாக்கில் பள்ளிகள் மூடி மே கடைசியில் திறக்கிற வரைக்குமான கோடை விடுமுறை. ஊருக்குப் போகப் பஸ் காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மாம்பழக் காலம். இங்கேயே தங்கிவிட்ட பிள்ளைகளுக்கு நீண்ட பகல். ஆலயங்களில் கோடைக்கால விவிலியப் பள்ளி நடக்கும் பத்து நாளும் மதியச் சாப்பாட்டோடு நடந்த பங்குகளில் பிள்ளைகள் வரவு ஏன் அவ்வளவு அதிகம் என்பதைப் பக்தி வளர்ச்சி என்று எழுதாமல், உள்ளபடி எழுதினோம். அதன் பிறகு விவிலியப் பள்ளி முடிந்தும் சமையலைத் தொடர்ந்த பங்குகள் உண்டு.

எழுதுவதற்கு எண்களும் தெரிந்திருக்க வேண்டும். மதிய உணவுத் திட்டத்தின் அளவு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம். மேல்வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம், 700 கலோரி, 20 கிராம் புரதம். இந்தக் கணக்கு என் கைப்பையில் எப்போதும் இருக்கும். 500 பிள்ளைகளுக்கு உணவளித்தோம் என்று யாராவது சொன்னால், எத்தனை கிலோ அரிசி போட்டீர்கள் என்று கேட்பேன். 50 கிலோ, அதாவது இரண்டு 25 கிலோ மூட்டை என்று சமையல்காரர் யோசிக்காமல் சொன்னால் செய்தி உண்மை. அமைப்பாளர் மேலே பார்த்தால், பிள்ளைகள் எண்ணிக்கையை நான் எழுதமாட்டேன். யாரையும் அவமானப்படுத்தாமல் உண்மையைச் சரிபார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. பருப்பு எவ்வளவு என்ற கேள்வியும் உடனே வர வேண்டும். சோறு மட்டும் நிறையப் போட்டால் வயிறு நிறையும், பிள்ளை வளராது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியப் பிள்ளைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கர்நாடகத்தில் 35.4.

புரதம் என்றால் முட்டை வரும், முட்டை என்றால் சமயம் வரும். 2021 டிசம்பரில் கர்நாடக அரசு வடக்கு மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். கங்காவதியில் ஒரு பள்ளி மாணவி, எங்களுக்கு முட்டை வேண்டும் என்று கேமரா முன் கோபத்தோடு பேசியது நாடெங்கும் பரவியது. வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாட்டோடு முட்டை மாநிலம் முழுக்க வந்தது. 2024-ல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் உதவியோடு வாரத்துக்கு ஆறு நாளாக ஆனது. அட்சய பாத்திரத்தின் உணவில் வெங்காயம், பூண்டு இல்லை என்பதும் இங்கே பெரிய விவாதம் ஆனதுதான். இந்த விவாதங்கள் வரும்போது சமய இதழ்கள் அவரவர் பக்கம் போய் நின்றுகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையோடு எழுதுகிறவர்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் பிள்ளையின் தட்டுப் பக்கம். கொடுப்பவரின் விரதம் கொடுப்பவருக்கு. தட்டு பிள்ளையுடையது.

சமயம் இதைச் சரியாகச் செய்ததற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று துமகூரு சித்தகங்கா மடம். பெங்களூரிலிருந்து எழுபது கிலோமீட்டர். பத்தாயிரம் அளவில் மாணவர்கள் சாதி, மதம் பாராமல் தங்கி, உண்டு, படிக்கிற இடம். 2019 ஜனவரி 21 முற்பகலில் மடாதிபதி சிவகுமார சுவாமிகள் தமது 111-ஆம் வயதில் காலமானார். பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடித்த பிறகே தம் மறைவை அறிவிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று மடத்தில் சொன்னார்கள். அதன்படியே செய்தியும் தாமதமாக வந்தது. வாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். செய்தி வேலையில் இருக்கிறவர்களுக்கு முந்துவதுதான் எல்லாம். ஒரு பந்தி முடிவதற்காக ஒரு மாநிலத்தின் மிகப் பெரிய செய்தி காத்திருந்தது என்பதை இளைஞர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பசிக்குக் காரணம் உண்டு, அதையும் எழுத வேண்டும் என்பதை ஈஜிபுரா எங்களுக்குக் காட்டியது. விவேக் நகரிலிருந்து நடந்து போகிற தூரம். 2013 ஜனவரியில் அங்கே பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான (இ.டபிள்யூ.எஸ்.) குவார்ட்டர்ஸ் இடத்திலிருந்த வீடுகள் இடிக்கப்பட்டு, ஆயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பெங்களூரின் ஜனவரிக் குளிரில் பிள்ளைகள் நடைபாதையில் தூங்கினார்கள். பாத்திரங்கள் இடிபாட்டுக்குள் போயிருந்ததால் அரிசி கொடுத்தாலும் சமைக்க வழியில்லை. சமைத்த சோறாக, கூடவே தட்டாக, குடிக்கத் தண்ணீராகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பல சபைகளையும் சமயங்களையும் சேர்ந்தவர்கள் கொண்டுவந்தார்கள். நான் அனுப்பிய கட்டுரையில் வீடுகள் எப்படிப் போயின என்ற பத்தியை எடுத்துவிட்டு, அன்னதானத்தை மட்டும் போடலாம் என்று ஓர் இதழில் சொன்னார்கள். அரசியல் வேண்டாம் என்றார்கள். அடுப்பு எங்கே போயிற்று என்று சொல்லாமல் சோறு கொண்டுபோனதை மட்டும் எழுதினால், அந்தக் குடும்பங்கள் பிறந்ததிலிருந்தே நடைபாதையில் இருந்தவர்கள் போல ஆகிவிடும். கட்டுரையைத் திரும்ப வாங்கி, முழுதாகப் போடச் சம்மதித்த வேறு இடத்தில் கொடுத்தேன்.

பிறகு எல்லார் கையிலும் கேமரா வந்தது. பிளாக்குக்குக் காசு இல்லாத காலத்தில் ஒரு படத்துக்குச் சண்டை, இப்போது ஒரு பொட்டலத்துக்கு ஐந்து படம். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இது வாட்ஸ்அப் குழுவுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சட்டத்தைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சட்டத்தைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கும் முன்பே பள்ளிகள் மூடியிருந்தன, ஊரடங்கில் ஆலயமும் மூடியிருந்தது. வியாழக்கிழமைச் சோறு, மதிய உணவு, டியூஷன் சுண்டல் மூன்றும் ஒரே மாதத்தில் நின்றன. மதிய உணவு பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச்சேரும் என்று மார்ச் 18-ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து மாநிலங்களைக் கேட்டிருந்தது. பிறகு சமைத்த உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பள்ளி வழியாகக் கிடைத்தது. நடுவிலிருந்த வாரங்களைப் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களும், பக்கத்துப் பள்ளிவாசல் இளைஞர்களும், அல்சூர் குருத்வாராவின் லங்கரும், எத்தனையோ பெயர் தெரியாதவர்களும் தாங்கிப்பிடித்தார்கள். திருப்பலி யூடியூபில் நேரலை ஆனது. பங்கு இதழ் அச்சாகவில்லை. எங்கள் வேலை ஓர் அறிவிப்புப் பலகையாகச் சுருங்கியது. இன்று எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள், அரிசி இருக்கிறதா, கேஸ் இருக்கிறதா, ஆறு மாதக் குழந்தைக்குப் பால் மாவு வேண்டுமா. காலை ஏழு மணிக்குப் பட்டியல் போடுவோம், மதியத்துக்குள் ஒவ்வொரு வரியையும் யாராவது எடுத்துக்கொள்வார்கள். அடைமொழி இல்லை, படம் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியதிலேயே அதிகப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்ச்சேர்ந்த எழுத்து அந்தப் பட்டியல்கள்தான் என்று நம்புகிறேன்.

அதே ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஆனது. 2021 கிறிஸ்துமஸ் அன்று அன்னை தெரசாவின் பிறரன்புச் சகோதரிகளின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தைப் புதுப்பிக்க அரசு மறுத்து, அடுத்த ஜனவரியில் திருப்பிக் கொடுத்ததும் நடந்தது. சிறிய இல்லங்கள் பல உள்ளூர்க் கைகளையே நம்ப வேண்டியதாயிற்று. ஒரு வகையில் எங்கள் பழைய விதி வென்றது. இப்போது நன்கொடையாளரும் வாசகரும் பிள்ளையின் அம்மாவும் ஒரே பங்கில் இருக்கிறார்கள். எழுத்து ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

இந்த வேலையில் பலன் தந்த ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லச் சொன்னால், நன்கொடையாளர் பட்டியல் வந்த இடத்தில் காலி நாட்களின் பட்டியலைப் போட்டதைச் சொல்வேன். யாரும் பொறுப்பேற்காத தேதிகளை மட்டும் வரிசையாக அச்சிட்டோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஜனவரி 14, வியாழக்கிழமைகள் எப்போதும் நிரம்பியிருக்கும். திங்கட்கிழமைகளும் ஏப்ரல், மே மாதங்களும் வெள்ளையாகக் கிடக்கும். வெள்ளையைப் பார்த்ததும் மக்கள் புரிந்துகொண்டார்கள். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தம் மகளின் பிறந்தநாள் வியாழக்கிழமை வந்ததால் அதை விட்டுவிட்டு, அந்த வாரத்துத் திங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டாகச் சேர்ந்து ஒரு மே மாதத்தையே எடுத்துக்கொண்ட அன்பியமும் உண்டு. கொடுக்கும் மனம் இந்த ஊரில் எப்போதும் இருந்தது. எந்த நாளில் தேவை என்று சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது.

மொபைலோடு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு பருப்பு என்று சமைத்தவரிடம் கேளுங்கள். நாளைக்குக் கடலையை யார் ஊறப்போடுகிறார்கள் என்று கேளுங்கள். எழுதி முடித்ததை அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு உரக்கப் படித்துக்காட்ட முடியுமா என்று பாருங்கள், முடியாத வரியை அடித்துவிடுங்கள். பெரிய நன்றி விழாவுக்கு அழைப்பு வந்தால் போங்கள், ஆனால் அதோடு நிற்காமல் மார்ச் மாதத்திலேயே உங்கள் பங்கில், பக்கத்துக் கோயிலில், பள்ளிவாசலில் போய், பள்ளி மூடிய பிறகு எந்தச் சமையலறை திறந்திருக்கும் என்று கேட்டு எழுதிவிடுங்கள். ஏப்ரலில் எழுதினால் ஆள் சேர்ந்து, அரிசி சேர்ந்து, அடுப்பு பற்றவைப்பதற்குள் விடுமுறையில் பாதி போய்விடும். பிள்ளைகளுக்கு அதுவரைக்கும் தாங்காது.